பம்பை நிறுத்தினாலும் கிணறு நிற்பதில்லை

தம்பி, நீங்கள் ஓமானில் ஓர் எண்ணெய்க் கிணற்றின் ராட் பம்பை (தண்டை அசைத்து எண்ணெய் இறைக்கும் பம்ப்) 24 மணி நேரம் நிறுத்தி, அழுத்தம் மீண்டும் ஏறுவதை அளந்த அழுத்த மீட்புச் சோதனையில், நிறுத்திய பின் 3 முதல் 9 மணி நேரம் வரையான நேர்கோட்டை ஹார்னர் வரைபடத்தில் (அழுத்தத்தை நேர விகிதத்தின் லாக் அளவோடு வரைவது) எடுத்திருக்கிறீர்கள். ஊடுதிறன் (பாறை எண்ணெயை ஓடவிடும் திறன்) பக்கத்துக் கிணறுகளின் பாதிகூட வரவில்லை, ஆசிட் போட்டுப் பாறையைத் திறக்காத கிணற்றுக்கு ஸ்கின் (கிணற்றை ஒட்டிய பாறையின் அடைப்பைச் சொல்லும் எண்; மைனஸ் என்றால் ஓட்டம் எளிது) −4 என்றும் வருகிறது. கோடுதான் பிழை.

கோண்டாவிலில் எங்கள் தோட்டக் கிணற்றில் இறைப்பு மெசினை நிறுத்தியதும் பாருங்கோ, கல்லில் இருக்கும் ஈரக்கோட்டை நோக்கித் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். ஊற்று இன்னும் ஓடுகிறது என்றுதானே அர்த்தம்? உங்கள் கிணற்றிலும் அதுதான். பம்ப் நின்ற பிறகும் எண்ணெய் வந்து கேசிங்குக்கும் (கிணற்றின் வெளிக்குழாய்) டியூபிங்குக்கும் (எண்ணெய் மேலே வரும் உள்குழாய்) இடையிலான வெளியை நிரப்புகிறது. அந்த நிரம்பலின் செங்குத்தான சரிவை நீங்கள் பாறையின் சரிவாக எடுத்துவிட்டீர்கள். சரிவு கூடினால் ஊடுதிறன் குறைந்துதான் வரும்.

முதலில் அழுத்த உயர்வையும் நேரத்தையும் லாக்-லாக்கில் (இரண்டு அச்சும் லாக் அளவில்) போடுங்கள். நிரம்பலைக் காட்டும் 45 பாகைக் கோடு எப்போது முடிகிறது? அங்கிருந்து ஒன்றரை லாக் சுற்று (ஒரு சுற்று என்றால் பத்து மடங்கு நேரம்) தள்ளித்தான் ஹார்னர் கோட்டை நம்பலாம். 2 மணி நேரத்தில் முடிந்தால் ஏறத்தாழ 63 மணி நேரம். 24 மணி நேரம் போதவே போதாது.

அடுத்த முறை எக்கோமீட்டரில் (எதிரொலியை வைத்து அளக்கும் கருவி) திரவ மட்டம் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் கேசிங் அழுத்தத்தையும் குறியுங்கள். வாயு கலந்த நுரை இருந்தால் மட்டம் மட்டும் வைத்துக் கணித்த கிணற்றடி அழுத்தம் உண்மையைவிடக் கூடுதலாக வரும். அந்த அளவீடுகள் இருந்தால் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.