ஆபரேஷன் தியேட்டர் குப்பையைவிட ஜன்னல் குழாயைப் பாருங்கள்

அறுவை சிகிச்சையால் சுற்றுச்சூழலுக்கு வரும் கெடுதலை எப்படிக் குறைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மன்னார்குடிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினொரு வருடமாக மயக்க மருந்து டெக்னீஷியனாக இருக்கிறேன். எல்லோரும் குப்பைப் பையைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் ஜன்னலைக் காட்டுவேன்.

எங்கள் தியேட்டர் ஜன்னல் வழியே ஒரு நெளிவுக் குழாய் பின்பக்கத் தென்னந்தோப்புக்குப் போகிறது. நோயாளி மூச்சில் விடும் மயக்க வாயு அப்படியே அதில் வெளியேறும். செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவில் நூற்றுக்கு ஐந்து பங்கு போலத்தான் உடம்பில் சிதையும், மீதி காற்றுக்கு. இன்னொரு மயக்க வாயுவான டெஸ்ஃப்ளூரேன் மகா மோசம்: பூமியைச் சூடாக்குவதில், நூறு வருடக் கணக்கில் அதன் ஒரு கிலோ சுமார் 2,500 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். செவோவுக்கு இது 200-க்குக் கீழே. 2026 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தவிர்க்கவே முடியாத கேஸ்களுக்கு மட்டும்தான் டெஸ்ஃப்ளூரேன்.

காசு செலவில்லாத வழி, ஃப்ளோவை, அதாவது மெஷினுக்குள் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் புது வாயு விடுகிறோம் என்பதைக் குறைப்பது. முன்பிருந்த டாக்டர் ஆரம்பம் முதல் முடிவு வரை 6 லிட்டரிலேயே ஓட்டுவார். இப்போதிருப்பவர் நோயாளி மயங்கியதும் 1 லிட்டருக்கு இறக்கிவிடுவார். மெஷினில் இருக்கும் சோடா லைம் என்ற சுண்ணாம்புக் குருணை கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ள, அதே மயக்க வாயு சுற்றிச் சுற்றி வரும். சோடா லைமின் நிறம் மாறுகிறதா, மானிட்டரில் ஆக்ஸிஜன் சரியா என்று கண் வைத்திருப்பது என் வேலை. மருந்து பாட்டிலும் கூடுதல் நாள் வருகிறது. முதுகில் ஊசி போடும் ஸ்பைனலில் முடிகிற சிசேரியனுக்கு இந்தப் பேச்சே இல்லை.

சரி, குப்பைக்கு வருவோம். அரவிந்த் கண் மருத்துவமனையில் ஒரு கண்புரை ஆபரேஷனுக்குக் குப்பை கால் கிலோதான், கார்பன் கணக்கு சுமார் 6 கிலோ. பிரிட்டனில் அதே ஆபரேஷனுக்கு 180 கிலோ என்று கணக்கிட்டார்கள். துணி கவுனைத் துவைத்து, கருவிகளை ஸ்டெரிலைஸ் செய்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள்.

எங்களிடமும் பச்சைத் துணிதான் இருந்தது. ஒரு ஐப்பசி அடைமழையில் நான்கு நாள் துணி காயவில்லை. அவசரத்துக்கு, ஒருமுறை போட்டு எறிகிற டிஸ்போசபிள் செட் வாங்கினார்கள். தை பிறந்தது, வெயிலும் வந்தது, செட் மட்டும் போகவில்லை. சிலசமயம் 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டாவது செட்டையும் பிரித்து, தொடாமலே மஞ்சள் கவரில் போடுகிறோம். அது நேரே எரிப்பதற்குப் போகும்.

துணி உலர்த்த ஒரு டிரையர் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த ஐப்பசிக்குள் வருமா, பார்ப்போம்.