கேளுங்க, சொல்லுதேன்: கன்னி நாய்க்கு வேகாத ஈரல்

கோயில் கொடை சீசன் முடிந்த கையோடு நாய்க் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். வெட்டின கிடாயில் மிச்சம் யாருக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். இந்தத் தடவை நாலு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்கே பாதிப் பக்கம் போய்விட்டது, மற்ற மூன்று பேரும் பொறுத்துக்கொள்ளணும்.

பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருப்பவர், திருவேங்கடம் பக்கம்: ஐயா, எங்கிட்ட கன்னிச் சாதி வேட்டை நாய் ஒண்ணு, கறுப்பு, பொட்டை, ரெண்டு வயசு. சிப்பிப்பாறைக் கடுவன் ஒண்ணு. தாத்தா காலத்துல இருந்தே முயல் பிடிச்சா குடலையும் ஈரலையும் அந்த இடத்துலயே நாய்க்குப் போட்டுருவோம். இப்ப சென்னையில இருக்க மகன் செல்லுல எதையோ படிச்சிட்டு, நாய் ஓநாய் வம்சம், வேகாத கறிதான் போடணும், கூழு ஆகவே ஆகாதுங்கான். அதான் வாரம் மூணு நாள் கறிக்கடையில ஆட்டு ஈரலும் நுரையீரலும் வாங்கி அப்படியே போடுதேன். ரெண்டும் மினுமினுன்னு இருக்கு. வீட்ல 4 வயசுப் பேத்தி இருக்கா, அவளுக்கு நாயோடதான் விளையாட்டு. மகன் சொல்லுதது சரிதானா?

அண்ணாச்சி, நான் ரெண்டு தடவை வாசித்தது பேத்தியைப் பற்றிய வரியைத்தான்.

சங்கரன்கோவில் பக்கம் நான் வேலை பார்த்த காலத்தில், ஒரு சுடலைமாடன் கோயில் கொடைக்கு மறுநாள் காலையில் ஒரு ஆட்டு நுரையீரலைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எலுமிச்சங்காய் அளவில் வெள்ளையாக ஒரு கட்டி. கத்தி முனையை வைத்ததும் தெளிந்த தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கறி போட்டுக்கொண்டிருந்தவர் அசரவே இல்லை. "இது கிழட்டு ஆட்டுல சகஜம்யா, மனுசன் திங்க மாட்டான், நாய்க்குப் போட்ருவோம்" என்று தெருப்பக்கம் வீசினார். ஏழெட்டு நாய் காத்துக் கிடந்தது. அவர் அப்படி வீசியதில்தான் எல்லா வினையும்.

அந்த நீர்க்கட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத நாடாப்புழுத் தலைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். எக்கினோகாக்கஸ் என்று பெயர். நாய் தின்றால், சுமார் 6, 7 வாரத்தில் அதன் குடலில் முழுப்புழு ஆகி முட்டை விடத் தொடங்கும். ஒரு புழுவின் நீளம் ஒரு சென்டிமீட்டர் கூட வராது. அரிசி மாதிரி, நூல் மாதிரி எதுவும் மலத்தில் கண்ணுக்குப் படாது. நாய் இளைக்காது, இருமாது, சோறு மறுக்காது. நீங்கள் சொல்கிற அதே மினுமினுப்போடு இருக்கும். முட்டை மட்டும் மலத்தோடு வெளியேறி மண்ணில் மாசக்கணக்கில் கிடக்கும், நாயின் ரோமத்தில் ஒட்டும், பின்புறத்தை நக்கின நாக்கிலும் இருக்கும். ஆடு புல்லோடு அதைத் தின்றால் ஆட்டுக்கு நீர்க்கட்டி. பிள்ளை நாயைக் கட்டிப்பிடித்துவிட்டு அதே கையால் முறுக்கு தின்றால் பிள்ளையின் ஈரலில் நீர்க்கட்டி. அதுவும் உடனே தெரியாது, வருஷக்கணக்கில் மெல்ல வளரும். இன்று 4 வயசில் ஒட்டின முட்டைக்கு, கல்லூரிக்குப் போகிற வயசில் ஸ்கேன் எடுக்கிறவர்களும் உண்டு.

அதனால் ஈரல், நுரையீரல், மண்ணீரல் (சுவரொட்டி என்று நாம் வறுத்துத் தின்பதுதான்) இவற்றை வேகாமல் நாய்க்குப் போடாதீர்கள். சங்கதி முடிந்தது. அரைமணி நேரம் தண்ணீரில் கொதிக்க வைத்துவிட்டுத் தாராளமாகப் போடுங்கள், நல்ல சத்து. கட்டி இருக்கிற உறுப்பு கண்ணில் பட்டால் வீசாமல் எரியுங்கள், இல்லையென்றால் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் போதாதா என்று மகன் கேட்பார். வீட்டு ஃப்ரீசரை நம்பி நான் என் பேத்தியை விளையாட விடமாட்டேன். சால்மொனெல்லா போன்ற கிருமி அதில் தூங்குமே தவிரச் சாகாது.

ரெண்டு நாயையும் நாளைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போய் எடை பார்த்து, பிரசிகுவாண்டல் சேர்ந்த மாத்திரை கேளுங்கள். பெயரைச் சொல்லியே கேளுங்கள். சாதாரணப் பூச்சி மாத்திரை உருண்டைப் புழுவுக்குத்தான் சரிப்படும். இத்தனை நாள் தின்றிருக்கிறதால் 6 வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை. மாத்திரை போட்ட ரெண்டு மூன்று நாளைக்கு நாய் மலத்தை அள்ளிப் புதைக்கணும், புழுவைக் கொன்றாலும் முட்டை உயிரோடு வெளியே வரும்.

முயலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆசிரியர் வெட்டிவிடுவார். 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயல் பிடிப்பது குற்றம். 2022-ல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை 1 லட்சம் ரூபாய் வரை உயர்த்தியிருக்கிறார்கள், 3 வருஷம் வரை சிறையும் உண்டு. தாத்தா காலத்துப் பழக்கம் என்று வனத்துறையிடம் சொல்ல முடியாது. நானும் சின்ன வயசில் கரிசல் காட்டில் அப்பாவோடு நாய் பிடித்துக்கொண்டு ஓடினவன்தான், யோக்கியன் வேஷம் போடவில்லை. முயலின் வயிற்றைக் கிழித்தால் குடல் சவ்வில் பட்டாணி பட்டாணியாகத் தண்ணி முத்து கொத்தாகத் தொங்கும். அதை முயல் முட்டை என்று நம்பிக்கொண்டிருந்தேன்! அது இன்னொரு நாடாப்புழுவின் குஞ்சு என்று கல்லூரியில் படித்த அன்று, அப்பா அதை நாய்க்கு உருவிப் போட்டது நினைவுக்கு வந்து வயிற்றைப் புரட்டியது. அந்தப் புழு மனிதனுக்கு வராது, நாய்க்குத்தான்.

இனி மகன் சொல்லும் ஓநாய்க் கதை. 2013-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் நாயின் மரபணுவையும் ஓநாயின் மரபணுவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் மரபணு ஓநாயிடம் ரெண்டு பிரதிதான். நாயிடம் 4 முதல் 30 வரை. மனிதன் உழ ஆரம்பித்தபின், அவன் போட்ட மிச்சத்தை நாய் தின்று தின்று வந்த மாற்றம். நம்ம கன்னியும் சிப்பிப்பாறையும் கம்பங்கூழும் மோரும் குடித்துத்தான் முயலை மடக்கின. மகனிடம் சொல்லுங்கள், கூழுக்கு விஞ்ஞானமே சாட்சி. ஆனால் கூழ் மட்டும் போட்டு எலும்பு தெரிய நிறுத்திவிட்டு, 'வேட்டை நாய்னா ஒல்லியாத்தான் இருக்கும்' என்பார்கள், அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 18 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குக் கால் கிலோ வெந்த கறி, ஒரு முட்டை, மீதி கம்போ கேப்பையோ. இது என் கணக்கு. ஓட்டம் அதிகம் என்றால் கறியைக் கூட்டலாம்.

வேகாத வெறும் சதைக்கறியை, அன்று வெட்டினதை, கண் முன்னால் வாங்கிப் போட்டால்? ஈரல் அளவுக்கு ஆபத்து இல்லை. இருந்தாலும் வெளிநாட்டில் பந்தய கிரேஹவுண்டுகளுக்கு வேகாத மாட்டுக்கறி போட்டு வளர்க்கிற கொட்டில்களில் சால்மொனெல்லாக் கழிச்சல் வாடிக்கை. குட்டியும், வீட்டில் சின்னப் பிள்ளையும், கர்ப்பிணியும் இருந்தால் நான் வேக வைக்கத்தான் சொல்வேன்.

வாசகர், மானூர்: மூணு மாசக் குட்டி, ராஜபாளையம் சாதி. கோழிக்கடைக் கழிவுல சதையா பொறுக்கி வேகவச்சு வயிறு நிறையப் போடுதோம். முன்னங்கால் ரெண்டும் வில்லு மாதிரி வளையுது. ஏன்?

வயிறு நிறைகிறது, எலும்புக்குத்தான் ஒன்றும் போகவில்லை. 100 கிராம் சதையில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் பக்கம் இருந்தால், கால்சியம் 10 தேறுவதே பெரிசு. குட்டிக்குக் கால்சியம் பாஸ்பரசைவிடக் கொஞ்சம் கூடவே வேணும். கிடைக்காதபோது உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும், கால் வளையும், படியிலிருந்து குதித்தாலே முறியும். வெறும் சதை போடுவதை இன்றே நிறுத்துங்கள். பால் ஊற்றின கேப்பைக் கூழ் கொடுங்கள், 100 கிராம் கேப்பையில் கால்சியம் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. முட்டை ஓட்டைக் கழுவி, காய வைத்து, மாவாக அரைத்து வையுங்கள். ஒரு முட்டை ஓட்டில் 2 கிராம் கால்சியம். எவ்வளவு போடணும் என்பதை டாக்டர் குட்டியை எடைபோட்டுச் சொல்லட்டும். கண்டபடி கால்சியம் டானிக் ஊற்றினால் பெரிய சாதிக் குட்டிகளுக்கு அதுவும் காலைக் கெடுக்கும். இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தானே, ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

வாசகி, கழுகுமலை: வேகாத கறி தின்னா நாய்க்கு வெறி ஏறும், பக்கத்து வீட்டுக் கோழியப் பிடிக்கும்ங்காக. நெசமா?

இல்லை தாயி. கன்னி, சிப்பிப்பாறை மாதிரி வேட்டைச் சாதி நாய் கண்ணால் பார்த்து விரட்டும், ஓடுகிற எதையும் விரட்டும். தயிர்ச்சோறு போட்டு வளர்த்தாலும் கோழி ஓடினால் பின்னாலேயே ஓடும். குட்டியிலேயே கோழியோடு பழக்கணும், இல்லையென்றால் கட்டிப்போடணும். கோழிக்காரரிடம் துட்டைக் கொடுத்துச் சமாதானம் ஆகுங்கள்.

வாசகர், கடையம்: மலையடிவாரத்துல எங்க தோட்டத்துல காட்டுப்பன்னி ஒண்ணு செத்துக் கிடந்துச்சு. நாங்க பாக்கதுக்குள்ள நாயி தொடைய வேகாமலே தின்னுட்டு. பயமா இருக்கு.

உங்கள் கடிதம் கைக்கு வரவே 9 நாள் ஆகிவிட்டது. பன்றி எதனால் செத்தது என்று தெரியாது. அக்கம்பக்கத்தில் யாராவது குருணை மருந்து (பயிருக்குப் போடுகிற பூச்சி விஷம்) வைத்திருக்கலாம். அது வயிற்றுக்குள் போயிருந்தால் சில மணி நேரத்திலேயே எச்சில் ஒழுகி, உடம்பு உதறி விழுந்திருக்கும். அந்தக் கண்டம் தாண்டிவிட்டது. அடுத்த தடவை இப்படி நடந்தால் கடிதம் எழுதாதீர்கள், ஆட்டோ பிடியுங்கள்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பன்றி வேட்டை நாய்களுக்கு ஔஜெஸ்கி என்று ஒரு வைரஸ் நோய் வருகிறது, பெரும்பாலும் வேகாத பன்றிக்கறியிலிருந்து. முகத்தைத் தோல் கிழியச் சொறிந்துகொண்டே ரெண்டு நாளில் செத்துவிடும், மருந்து கிடையாது. வேகாத பன்றியை நாய்க்குக் காட்டாதே என்று நான் எல்லாரிடமும் சொல்வதற்கு அதுதான் காரணம். பத்து நாளைக்குள் தலை காட்டும் நோய் அது. உங்கள் நாய் இந்நேரம் சொறியாமல் இருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். வெறிநாய்த் தடுப்பூசி தேதியைப் பாருங்கள். தின்ற நாளிலிருந்து 6 வாரத்துக்குள், மேலே அண்ணாச்சிக்குச் சொன்ன அதே மாத்திரையைப் போட்டுவிடுங்கள்.

மீதிப் பன்றியை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகலையே? செத்தது என்றாலும் அது அரசாங்கச் சொத்து, வனத்துறைக்குச் சொல்லியிருக்கணும். சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. நாய் எப்படி இருக்கிறது என்று ஒரு கார்டு போடுங்கள்.