விளையாட்டு மா பிசுபிசுக்கிறதா?

கேள்வி: ஐந்து வயது மகளுக்கு உப்பும் கோதுமை மாவும் குழைத்து விளையாடக் கொடுத்தேன். மறுநாளே பிசுபிசுத்துவிட்டது. ஏன்?
– வாசகி, ஹட்டன்

பதில்: உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், உங்கள் ஊர் மழைக்குக் கேட்கவே வேண்டாம். பச்சையாகக் குழைக்காமல் கிண்டி எடுங்கள். ஒரு கப் கோதுமை மா, அரைக் கப் தூள் உப்பு, ஒரு கப் தண்ணீர், தேங்காய் எண்ணெயும் தேசிக்காய்ச் சாறும் ஒவ்வொரு மேசைக்கரண்டி. கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில், சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை கிண்டுங்கள். அவசரப்பட்டு இறக்கினால் வேகாத மா மறுபடி ஒட்டும். நன்றாக ஆறியபின் இறுக்க மூடி வையுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துவிடும். குளிரில் எண்ணெய் உறைந்து காலையில் கட்டியாக இருக்கும், பிசைந்தால் இளகும்.

முற்றிய தேயிலை இலை ஒன்றை அதில் அழுத்தச் சொல்லுங்கள். நரம்பும் ஓரத்துப் பற்களும் அப்படியே பதியும். அடுத்து எதைப் பதிப்பதென்று அவளே தேடட்டும், நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். உப்பு மிக அதிகம். வாயில் வைக்க மட்டும் விடவேண்டாம்.