ஓடரும் விளங்கேல்ல, மெனுவும் விளங்கேல்ல: இந்தக் கிழமைக் கேள்வி-பதில்

பள்ளிக்கூட லீவு போல, வந்த கடிதத்தில பாதி சமையல் கேம் பற்றித்தான். வெட்டிச் சுருக்கிப் போட்டிருக்கிறன், என்ட கடிதத்தைக் காணேல்ல எண்டு கோவிக்காதீங்க.

கேள்வி: மகளுக்கு டவுன்ல பாவிச்ச நின்டெண்டோ 3டிஎஸ் (கையில வச்சு விளையாடுற கேம் மெஷின்) ஒண்டு 18,500 ரூபாக்கு வாங்கினன், யப்பான் மெஷின். கனடாவில இருந்து சித்தி 'குக்கிங் மாமா 4' எண்ட சமையல் கேம் கார்ட் அனுப்பினவ. போட்டா ஓடுதில்ல. மெனு முழுக்க யப்பான் எழுத்து. "செட்டிங்ல போய் மாத்தலாம்" எண்டுதான் கடைக்காரர் தந்தவர்.
— அலஸ்தோட்டம்

பதில்: மாத்த ஏலாது தங்கச்சி. யப்பானுக்கு எண்டு விட்ட 3டிஎஸ்ல யப்பான் மொழி மட்டும்தான் இருக்கு. அதுக்கு மேல பூட்டு வேற, எந்தப் பக்கத்துக்கு விட்ட மெஷினோ அந்தப் பக்கத்து 3டிஎஸ் கார்ட்தான் அதில ஓடும், சித்தி அனுப்பினது அமெரிக்கப் பக்கத்துக் கார்ட். அதுக்கு முந்தின டிஎஸ் கார்ட்டுகளுக்கு பெரும்பாலும் அந்தப் பூட்டு இல்ல, அதால 2006ல வந்த முதல் குக்கிங் மாமா இங்கிலிஷ் கார்ட் கிடைச்சா மகள் அதை விளையாடலாம். ஒன்லைன்ல வாங்கிப் போடுவம் எண்டும் நினைக்காதீங்க, 3டிஎஸ் கடையை 2023 மார்ச்சில மூடிட்டாங்க.

உங்களில பிழை இல்ல. இதே பொருளை விக்கிற ஆளுக்கு இது தெரியாம இருக்காது. பில்லோட போய் காசைத் திருப்பிக் கேளுங்க. தரேல்ல எண்டா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்க, 1977 எண்ட நம்பருக்கு அடிச்சா எப்பிடி எண்டு சொல்லுவாங்க. 2003ம் ஆண்டு 9ம் இலக்கச் சட்டப்படி வாங்கி மூண்டு மாதத்துக்குள்ள எழுத்தில முறைப்பாடு குடுக்கோணும், "பாப்பம் பாப்பம்" எண்டு இழுத்தா போச்சு. அடுத்த முறை "மாத்தலாம்" எண்டு ஆரும் சொன்னா அதை பில்லுக்குப் பின்னால எழுதி கையெழுத்து வைக்கச் சொல்லுங்க. ஆள்ட முகம் மாறுறதிலயே உங்களுக்கு விளங்கிடும்.

கேள்வி: ஒரு ரெஸ்டோரன்ட் கேம். வாற ஆக்கள் தெரியாத பாஷையில ஓடர் சொல்லுவாங்க, நாங்க சொல்லுச் சொல்லாப் பிடிச்சு சமைச்சுக் குடுக்கோணும். வீடியோ பாத்து ஆசைப்பட்டு, கம்பியூட்டர் கேம் விக்கிற ஒன்லைன் கடை ஸ்டீம்ல வாங்கினன். உள்ள போனா கேமே முழுக்க சீன மொழி! 5 மணித்தியாலம் விளையாடிப் பாத்தன், ஒண்டும் விளங்கேல்ல. காசைத் திருப்பி எடுக்கலாமா?
— என்.சி. வீதி

பதில்: ஒண்டும் விளங்காமலே 5 மணித்தியாலமா? தம்பி, வாங்கி 14 நாளுக்குள்ள, விளையாடினது 2 மணித்தியாலத்துக்குக் குறைவு எண்டாத்தான் ஸ்டீம் கேள்வி கேக்காமத் தரும். நீங்க கேட்டுப் பாக்கலாம், ஆனா நம்பி இருக்காதீங்க.

இது எனக்குக் கொதிப்பு வாற விஷயம், கொஞ்சம் பொறுங்க. ஸ்டீம்ல ஒவ்வொரு கேம் பக்கத்திலயும் வலப்பக்கம் ஒரு அட்டவணை கிடக்கு. மொழிப் பேர், அதுக்கு நேர மெனு எழுத்து இருக்கா, குரல் இருக்கா, சப்டைட்டில் இருக்கா எண்டு சரி அடையாளம் போட்டிருப்பான். பாக்க அரை நிமிஷம் போகாது. ட்ரெய்லரை நாலு தரம் பாக்கிற எங்கட ஆக்கள் அந்த அட்டவணைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போவாங்க. ஸ்டீமாவது பரவாயில்ல, எங்கயோ எழுதி வைக்கிறான். எங்கட கடைகள்ல வாங்கிற சாமானைப் பாருங்க, சிங்களமும் தமிழும் ரெண்டும் அரசகரும மொழி எண்டு சட்டத்தில இருக்கிற நாட்டில வோரண்டி கார்ட் சீனத்தில, மனுவல் கொரிய மொழியில, "திருப்பி எடுக்கமாட்டோம்" எண்டது மட்டும் மூண்டு மொழியிலயும் வடிவா இருக்கும்.

நானும் பெரிய கெட்டிக்காரன் இல்ல. பாவிச்ச யப்பான் ரைஸ் குக்கர் ஒண்டு, வெள்ளை நிறம், மூடி திறக்கேக்க பாட்டுப் பாடும், அந்தப் பாட்டுக்காகவே வாங்கினன். 9 பட்டன், ஒண்டிலயும் எனக்குத் தெரிஞ்ச எழுத்து இல்ல. அடியில 100 எண்டு மட்டும் இலக்கத்தில இருந்தது, அது வோல்ட் எண்டு நான் யோசிக்கேல்ல. எங்கட வீட்டுக் கரண்ட் 230. பிளக்கைப் போட்டன், பாட்டில பாதிதான் வந்தது, பிறகு குசினி முழுக்க ரப்பர் கருகின மணம். மனுசி இப்ப அதுக்குள்ள வெங்காயம் போட்டு வச்சிருக்கிறா.

கேள்வி: 'வெண்பா' கேமை ஒரே மூச்சில முடிச்சிட்டன், 2 மணித்தியாலம் கூடப் போகேல்ல. இப்ப ரிஃபண்ட் கேக்கலாமா?
— பேர் வேண்டாம்

பதில்: ஸ்டீம்ல வாங்கி 14 நாள் தாண்டேல்ல எண்டா, அவங்கட விதிப்படி கேக்கலாம். சாப்பிட்டுக் கோப்பையை வழிச்சிட்டு காசு தரமாட்டன் எண்டு சொல்ற ஆளை உங்கட ஊர்ல என்னெண்டு கூப்பிடுவாங்க? கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாட கிழிஞ்சு கறைபட்ட சமையல் கொப்பி, இட்லி எப்பிடி அடுக்கிறது எண்டு யோசிச்சு யோசிச்சுச் செய்றது, வளந்த மகனுக்குத் தமிழ் தட்டுப்படுறது. 2023ல எங்கட பாஷையை வச்சு ஒருத்தர் இப்பிடி ஒண்டு செய்தா அதையும் ஓசியிலயா?

கேள்வி: உப்புவெளியில சின்ன சாப்பாட்டுக்கடை வச்சிருக்கிறம். சீசனுக்கு வாற வெள்ளைக்காரர் சொல்ற ஓடர் பொடியங்களுக்கு விளங்குதில்ல. 'ஓவர்குக்ட்' எண்ட கேம் வாங்கிக் குடுத்தா பழகுவாங்களாம், மகன் சொல்றான். ப்ளேஸ்டேஷனும் வேணுமாம்.

பதில்: மகன் கெட்டிக்காரன், உங்கட காசில ப்ளேஸ்டேஷன் எடுக்கப் பாக்கிறான். நல்ல கேம்தான் அண்ணை, 2016ல வந்தது, நாலு பேர் வரை ஒரே குசினியில நிண்டு வெட்டி, அவிச்சு, கோப்பை கழுவி, கத்திக் கத்தி விளையாடலாம், அடுப்பில வச்சதை மறந்தா குசினியே பத்தும். ஆனா அதில ஓடர் வாறது பேச்சில இல்ல, மூலையில படமா வரும். தக்காளி, வெங்காயம், என்ன போடோணும் எண்டு படத்தைப் பாத்துச் செய்றதுதான். அதால இங்கிலிஷ் வராது.

அந்தப் படத்தை மட்டும் களவெடுங்க. போன சீசன்ல ஒரு கடையில பாத்தன், வெள்ளைக்காரர் "நோ ஸ்பைசி" எண்டார், பொடியன் எங்கட வழமைப்படி தலையை ரெண்டு பக்கமும் ஆட்டினான். அது ஓமா இல்லையா எண்டு எனக்கே தெரியேல்ல. வந்தது கொத்து. அந்த மனுசன் பச்சை மிளகாயை ஒவ்வொண்டாப் பொறுக்கி கோப்பை ஓரத்தில அடுக்கினார், 11 துண்டு, நான் எண்ணினன். ஒவ்வொரு சாப்பாட்டையும் உங்கட போன்ல போட்டோ எடுத்து, நம்பர் போட்டு, பக்கத்தில ஒரு மிளகாய், ரெண்டு மிளகாய், மிளகாய்க்கு மேல வெட்டு எண்டு கீறி லேமினேட் பண்ணி வையுங்க. ப்ளேஸ்டேஷன் காசில நூறு அடிக்கலாம்.

கேள்வி: பேஸ்புக்ல ஒருத்தர் 300 கேம் இருக்கிற ஸ்டீம் அக்கவுண்ட் 4,000க்கு வித்தவர், சமையல் கேம் எல்லாம் இருந்தது. 9 நாளில பாஸ்வேர்ட் மாறிட்டு. ஆளும் ப்ளொக்.
— மூதூர்

பதில்: அந்த ஆள் அதையே இன்னும் பத்துப் பேருக்கு வித்திருப்பான், ராஸ்கல். அக்கவுண்ட் கைமாத்த ஸ்டீம் விடாது, அதால அங்க முறையிட்டுப் பிரயோசனம் இல்ல. காசு பேங்க்ல போட்டிருந்தா அந்த ஸ்லிப்பையும் சாட் ஸ்கிரீன்ஷொட்டையும் எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போங்க, 4,000 தானே எண்டு வெக்கப்படாதீங்க.

கேள்வி: என்ட போன்ல மகன் சமையல் கேமுக்குள்ள பாவிக்கிற டயமண்ட் வாங்கிட்டான், 6,300 ரூபா. நேத்துத்தான்.

பதில்: இதை வாசிக்கிறதை நிப்பாட்டிட்டு இப்பவே கூகுள் ப்ளேல ரிஃபண்ட் கேளுங்க, 48 மணித்தியாலம் தாண்டினா கஷ்டம். பிறகு பாஸ்வேர்ட் போடுங்க. மகன்ட பிறந்த திகதி பாஸ்வேர்ட் இல்ல.