ஆப்ஷன் டிரேடிங் நாட்டுக்கு நல்லதா?

ஆப்ஷன்ல (ஒரு பங்கையோ குறியீட்டையோ குறிச்ச விலைக்கு வாங்கவோ விக்கவோ உரிமை தர்ற ஒப்பந்தம்) 40,000 ரூபாய் போச்சு, ஆனாலும் "லிக்விடிட்டி (நினைச்ச நேரத்துல வாங்க, விக்க ஆள் கிடைக்கிற வசதி) தர்றோம், நாட்டுக்கு நல்லதுதானே"ன்னு கேட்டிருக்கீங்க. பாதி சரி நண்பரே. போன மாசம் அவசரத்துக்கு நான் பங்கை வித்தப்போ அஞ்சு பைசா வித்தியாசத்துல உடனே ஆள் கிடைச்சுது. அது வேகமா வாங்கி விக்கிறவங்க புண்ணியம். ஆனா தேவைப்படுற நேரத்துல அந்தக் கூட்டம் நிக்காது. 2010 மே 6 அன்னைக்கு அமெரிக்கப் பங்குச்சந்தைக் குறியீடான டவ் ஜோன்ஸ் சில நிமிஷத்துல ஏறக்குறைய 1,000 புள்ளி சரிஞ்சப்போ, கம்ப்யூட்டர் வச்சு அதிவேகமா வாங்கி விக்கிற நிறுவனங்கள் பலதும் ஒதுங்கிடுச்சு.

அதோட, ஆப்ஷன்ல போடுற பணத்துல கம்பெனிக்கு ஒரு பைசா போகாது. ஒருத்தர் நஷ்டம்தான் இன்னொருத்தர் லாபம். தரகும், எஸ்டிடிங்கிற பங்குப் பரிவர்த்தனை வரியும் தனி. 2024-ல பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபி வெளியிட்ட ஆய்வுப்படி, மூணு வருஷத்துல எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம்) செஞ்ச தனிநபர்கள்ல 93% பேருக்கு நஷ்டம். உங்க பணம் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் அல்கோ (தானா வாங்கி விக்கிற கம்ப்யூட்டர் புரோகிராம்) ஓட்டினவர்கிட்டதான் போயிருக்கும்.