மணியின் மதியப் பொழுது எங்கே கழியும்?

கேள்வி: நாங்கள் டெக்சஸில், ஆஸ்டின் அருகே ரவுண்ட் ராக்கில் வசிக்கிறோம். 10, 7 வயதில் இரண்டு குழந்தைகள். மதுரையிலிருந்து வந்திருக்கும் மாமாவும் அத்தையும் டிசம்பர் தொடக்கம் வரை எங்களோடு இருப்பார்கள். எங்கள் லாப்ரடார் நாய் மணிக்கு நான்கு வயது. ஜூலை 4 விடுமுறையில் ஆர்.வி. (படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து, எல்லோருமாக இரண்டு இரவுகள் தங்கிவர ஆசை. ‘நாய்களுக்கும் அனுமதி உண்டு’ என்று விளம்பரம் செய்யும் இடங்கள் ஏராளம். எதைத் தேர்ந்தெடுப்பது? மணியை நாய்கள் காப்பகத்தில் விட்டுவிடலாம் என்கிறார் கணவர். அத்தைக்கு மணியிடம் பிரியம் உண்டு. ஆனால், அது படுக்கும் அறையில் தன்னால் படுக்க முடியாது என்கிறார்.

பதில்: அன்புள்ள சகோதரி, மணியை அழைத்துக்கொண்டு போங்கள். ஆனால் ஜூலையில் வேண்டாம்.

‘நாய்களுக்கும் அனுமதி உண்டு’ என்ற வாசகத்துக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: வாசலில் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். உள்ளே போன பிறகு நீச்சல் குளத்தருகே நாய் வரக்கூடாது, விளையாட்டுத் திடலுக்கு வரக்கூடாது, கட்டடங்களுக்குள் வரக்கூடாது. அப்படியானால் குழந்தைகள் குளத்தில் ஆடும் மதியம் இரண்டு மணிக்கு மணி எங்கே இருக்கும்? யாரோடு இருக்கும்? இடத்தைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு கேள்வி போதும் என்பது என் அனுபவம். நீங்கள் அனுப்பியிருந்த பட்டியலில் பாதி இடங்கள் இதிலேயே கழிந்துவிடும்.

“ஆர்.வி.க்குள் ஏ.சி. போட்டு விட்டுவிட்டுப் போகலாமே” என்று தோன்றும். நாங்களும் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதம் அப்படித்தான் செய்தோம். தனியார் ஆர்.வி. பூங்கா (ஆர்.வி.யை நிறுத்தித் தங்கும் இடம்), 30 ஆம்ப் மின் இணைப்பு. 120 வோல்ட்டில் அது மொத்தம் 3,600 வாட். ஏ.சி.க்கே ஏறத்தாழ பாதி போய்விடும். மிச்சத்தில் மின்சார வெந்நீர்க் கலனும் ஓடிக்கொண்டிருந்தபோது மைக்ரோவேவை முடுக்கிவிட்டுக் கிளம்பினோம். மின்கம்பத்துப் பெட்டியில் பிரேக்கர் விழுந்து ஏ.சி. நின்றதே எங்களுக்குத் தெரியாது. நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பியபோது உள்ளே அனல். எங்கள் நாய் கதவோரம் தரையில் நாக்கு வெளுக்கக் கிடந்தது. பிழைத்துக்கொண்டது, ஆனால் அந்த மூச்சிரைப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. வெயிலில் நிற்கும் வண்டியின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் வெளி வெப்பத்தைவிட 40 டிகிரி பாரன்ஹீட் வரை கூடுதலாக ஏறலாம். அதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறிவிடும். ஆஸ்டின் ஜூலையில் வெளியிலேயே 100 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அதனால்தான் ஜூலை வேண்டாம் என்கிறேன்.

நவம்பரில் போங்கள். டெக்சஸ் மாநிலப் பூங்காக்களில் ஐந்து மாதங்களுக்கு முன்பே இடம் பதிவு செய்யலாம் என்பதால், இந்த ஜூன் மாதமே நவம்பருக்கான வாசல் திறந்திருக்கிறது. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் (நன்றி நவிலும் திருநாள்) வாரத்தில் உங்கள் குழந்தைகளுக்கு விடுமுறை கிடைக்குமானால், அந்தத் திங்கள், செவ்வாய் இரவுகளைப் பாருங்கள். வார இறுதியை விட எளிதாகக் கிடைக்கும். மாமாவும் அத்தையும் அப்போது இருப்பார்கள். அந்த இளங்குளிர் மணிக்கும் இதமாக இருக்கும்.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது மெக்கின்னி ஃபால்ஸ் மாநிலப் பூங்கா. ஆஸ்டின் நகர எல்லைக்குள்ளேயே, தென்கிழக்கில், ஆனியன் கிரீக் ஓடையின் கரையில் இருக்கிறது. சுண்ணாம்புப் பாறைகளில் இறங்கும் இரண்டு சிற்றருவிகள், பெரிய சைப்ரஸ் மரங்கள். ஓடையோரமாகச் செல்லும் ஏறத்தாழ 2.8 மைல் பாதை தார் போட்டது. மாமா கைத்தடியோடு கொஞ்ச தூரம் நடக்கலாம், சின்னவர் சைக்கிள் ஓட்டலாம், மணியும் கூடவே வரலாம். வண்டியை நிறுத்தித் தங்கும் கேம்ப்சைட்டுகளில் தண்ணீரும் மின்சாரமும் உண்டு. இன்னொரு காரணமும் இருக்கிறது. அத்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இரவு தூங்க முடியவில்லை என்றால் ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். முதியவர்களோடும் நாயோடும் போகும் முதல் பயணத்துக்கு இதைவிடப் பெரிய வசதி எதுவும் இல்லை. ஆஸ்டினுக்கு மேற்கே உள்ள மலைப்பகுதியின் அழகான பூங்காக்கள் எங்கும் போய்விடாது. அடுத்த முறை போய்க்கொள்ளலாம்.

மாநிலப் பூங்காக்களின் விதிகள் கறாரானவை. கயிறு ஆறு அடிக்கு மேல் நீளக்கூடாது. கேபின் முதலான கட்டடங்களுக்குள் நாய் வரக்கூடாது. நீந்துவதற்கென்று ஒதுக்கிய இடத்திலும் அனுமதி இல்லை. நாயைத் தனியாக விட்டுவிட்டுப் போகவே கூடாது. கடைசி விதியைப் படித்ததும் உங்கள் கணவர் காப்பகப் பேச்சை மறுபடி எடுக்கலாம். எனக்கு அந்த விதி பிடித்திருக்கிறது. பெரியவர்கள் நால்வர் இருக்கிறீர்கள். முறைவைத்து ஒருவர் மணியோடு மரநிழலில் உட்காரலாம். மாமாவிடம் கேட்டுப் பாருங்கள், அந்த வேலையை அவரே விரும்பி ஏற்றுக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

தனியார் பூங்காதான் வேண்டும் என்றால் தொலைபேசியில் பேசாமல் பணம் கட்டாதீர்கள். சில இடங்களில் காப்பீட்டுக் காரணங்களுக்காகச் சில இன நாய்களைச் சேர்ப்பதில்லை. பிட்புல், ராட்வைலர், டாபர்மேன் ஆகியவை அடிக்கடி அடிபடும் பெயர்கள். லாப்ரடாருக்கு அந்தத் தொல்லை வராது, கலப்பினம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். நாயை அவிழ்த்துவிட வேலியிட்ட இடம் இருக்கிறதா, அதில் நிழல் இருக்கிறதா என்று கேளுங்கள். 50 ஆம்ப் இணைப்பு உண்டா என்றும் கேளுங்கள். அது 12,000 வாட் வரை தாங்கும். ஆனால் நீங்கள் எடுக்கும் வண்டியும் அதற்கேற்றதாக இருந்தால்தான் பயன். மரம் இருந்தால் மட்டும் போதாது, வண்டி நிற்கும் இடத்துக்கு மேற்கே இருக்க வேண்டும். பிற்பகல் வெயில் அங்கிருந்துதான் வருகிறது.

தண்ணீரைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும், இரண்டும் வருத்தமானவை. 2019 ஆகஸ்டில் ஆஸ்டின் நகர நடுவே உள்ள லேடி பேர்ட் ஏரியில் நீந்திய நாய்கள் சில இறந்துபோயின. 2021 தொடக்கத்தில் டிராவிஸ் ஏரியிலும் அப்படியே நடந்தது. காரணம், நீலப்பச்சைப்பாசியின் நஞ்சு. அந்தப் பாசி ஏரியில் மிதந்து கரையோரம் பாய் போல ஒதுங்கும். நாய் அதைத் தின்னலாம், நீந்திவிட்டு வந்து தன் மயிரை நக்கும்போதும் உள்ளே போகலாம். எச்சில் வழிதல், வாந்தி, தள்ளாட்டம் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். லாப்ரடார் தண்ணீரைக் கண்டால் நிற்காது. பாசி படர்ந்த, ஓட்டமில்லாத தண்ணீரில் மணியை இறங்கவே விடாதீர்கள். குடிக்க வீட்டுத் தண்ணீரை எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, வெள்ளம். ஆற்றை ஒட்டிய கேம்ப்சைட்டுக்குத்தான் எல்லோரும் ஆசைப்படுவார்கள். மத்திய டெக்சஸின் பாறை நிலம் மழைநீரை உறிஞ்சாது. எங்கோ மேலே பெய்த மழை சில நிமிடங்களில் ஆறாக இறங்கிவிடும். 2025 ஜூலை 4 விடியற்காலையில் குவாடலூப் ஆறு அப்படித்தான் ஏறி, கெர் மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. கரையோர ஆர்.வி. பூங்காக்களில் உறங்கிக்கொண்டிருந்தவர்களும் அதில் அகப்பட்டார்கள். நான் பரிந்துரைத்த ஆனியன் கிரீக்கும் சாது அல்ல. 2013 அக்டோபர் 31 அன்று அது பெருக்கெடுத்து உயிர்களைப் பறித்தது. ஆகவே, மேட்டில் உள்ள இடத்தையே கேட்டு வாங்குங்கள். தொலைபேசியின் வெள்ள எச்சரிக்கை ஒலியை இரவில் அணைக்காதீர்கள். அந்த வாரம் மழை முன்னறிவிப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், கட்டிய பணம் போனாலும் சரி.

இனி அத்தையின் படுக்கை. அவர் சொல்வது நியாயம். வாழ்நாள் முழுவதும் வீட்டுக்கு வெளியே நாய் கட்டியிருந்த ஊரில் வளர்ந்தவரை, 25 அடி வண்டிக்குள் நாயோடு படுக்கச் சொல்வது எளிதல்ல. அதற்காக அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். பின்பக்கம் கதவுள்ள தனிப் படுக்கையறை இருக்கும் வண்டியாகப் பார்த்து எடுங்கள். அந்த அறை அத்தைக்கும் மாமாவுக்கும். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே உள்ள படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டும், அது பெரிய பையனுக்கு. மணிக்கு முன்பக்கம், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு கூண்டு. கழிவறை படுக்கையறைக்கு அருகில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரவில் அத்தை கூண்டைத் தாண்டி நடக்க நேரக்கூடாது.

அவரிடம் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளுங்கள். பிரியத்தில் அவர் உருட்டித் தரும் சாம்பார் சாதத்தில் வெங்காயம் இருக்கும். கேசரியில் உலர்திராட்சை இருக்கும். இரண்டும் நாய்க்கு நஞ்சு. உப்பில்லாத வெறும் சோறும் வேகவைத்த கோழியும் தனியாக ஒரு டப்பாவில் கொடுத்து, மணிக்கு ஊட்டும் பொறுப்பை அவரிடமே விட்டுவிடுங்கள்.

கூண்டுக்குப் பழகாத நாய் புதிய இடத்தில் இரவு முழுவதும் குரைக்கும். அதனால் கூண்டை இப்போதே வாங்கி வீட்டுக் கூடத்தில், கதவைத் திறந்து வையுங்கள். நவம்பருக்குள் மணி அதைத் தன் அறையாக எடுத்துக்கொள்ளும். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழின் நகலை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள், பூங்காவுக்கு அருகே இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணையும் அதிலேயே எழுதிவையுங்கள்.