வீல் கேப்பில் அடித்த பெயிண்ட் ஏன் உரிகிறது?

கேள்வி: எங்கள் பழைய மாருதி காரின் வீல் கேப் நான்கும் வெளிறிப்போய்விட்டன. ஸ்ப்ரே டப்பா வாங்கி வாசலிலேயே வைத்து வெள்ளி நிறம் அடித்தேன். காயும்போதே இரண்டில் வெள்ளை பூத்தது. இரண்டு முறை சேலம் போய் வந்ததும் தோல் தோலாக உரிகிறது. பெயிண்ட் மட்டமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: பெயிண்ட் மேல் பழி போடாதீர்கள் அம்மா. உரிவது பிளாஸ்டிக்கால், வெள்ளை பூத்தது உங்கள் ஊர் மூடுபனியால்.

கேப்பைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். ஏபிஎஸ் அல்லது பிபி என்று பிளாஸ்டிக்கின் வகை பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். ஏபிஎஸ் என்றால் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும். பிபி என்பது பாலிபுரொப்பிலீன். கையில் மெழுகு போல வழுக்கும், அதன்மேல் எதுவும் ஒட்டாது. எழுத்து தேய்ந்திருந்தால் ஓரத்தில் ஒரு சீவல் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பெரும்பாலும் பிபிதான். மூழ்கினாலும் ஏபிஎஸ் என்று முடிவு கட்டாதீர்கள், டால்க் என்ற கல்மாவு கலந்த பிபியும் மூழ்கும். சந்தேகம் இருந்தால் பிபி என்றே வைத்து வேலை செய்யுங்கள்.

உரிந்ததை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத் பிரஷும் கொண்டு தேயுங்கள். மலை இறங்கும் வண்டிகளில் பிரேக் தூள் கறுப்பாக அப்பியிருக்கும், இடுக்கெல்லாம் போக வேண்டும். தின்னர் மட்டும் தொடாதீர்கள். பட்டறை போட்ட புதிதில், சீக்கிரம் முடிக்கலாமென்று தின்னர் துணியால் ஒரு ஏபிஎஸ் கேப்பைத் துடைத்தேன். மேல்பரப்பு பிசுபிசுவென்று இளகி, விரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. வண்டிக்காரருக்குப் புது கேப் வாங்கிக் கொடுத்தேன். அந்த வலி இன்றும் இருக்கிறது.

பிறகு 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பளபளப்பு முழுக்கப் போக்குங்கள். காய்ந்ததும், பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் பிளாஸ்டிக் பிரைமர். சாதாரண பிரைமர் வேண்டாம், பெயிண்ட் கடையில் பிளாஸ்டிக்குக்கு என்று கேட்டு வாங்குங்கள். பிபியில் இதை விட்டால் மறுபடி உரியும். அதற்குமேல்தான் பெயிண்ட். டப்பாவை ஓர் அடி தள்ளிப் பிடித்து, மெல்லிசாக மூன்று கோட். முதல் கோட்டில் பழைய நிறம் தெரிந்தால் பரவாயில்லை. ஒரே கோட்டில் மூடப் பார்த்தால் வழியும். கடைசியில் கிளியர் லேக்கர் என்ற நிறமில்லாத மேல்பூச்சு.

இனி மூடுபனி. பெயிண்டில் உள்ள தின்னர் பறக்கும்போது மேல்பரப்பு சில்லென்று ஆகும். ஈரக் காற்று அங்கே படிந்து வெளுக்கிறது. 1,500 மீட்டர் உயரத்தில் காலையும் மாலையும் இதற்கு ஆகாது. பனி விலகிய நண்பகலில், காற்று உலர்ந்திருக்கும்போது அடியுங்கள். இல்லையென்றால் கேப்பை மட்டும் கழற்றிக்கொண்டு சேலத்தில் உறவினர் வீட்டு மாடிக்கு வாருங்கள். அங்கேயும் நிழலில்தான். சுடும் பிளாஸ்டிக்கில் படுவதற்குள் பெயிண்ட் காய்ந்து மணல் மாதிரி சொரசொரக்கும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள், இரண்டு நாள் விட்டால் இன்னும் நல்லது.

பின்பக்கக் கிளிப்புகளில் பெயிண்ட் படாமல் டேப் ஒட்டுங்கள். கிளிப் உடைந்த கேப்புக்குச் செலவு செய்யாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவில் ஏதோ ஒன்றில் அது கழன்று ஓடும். மாட்டும்போது காற்றடிக்கும் வால்வு நேராக அதன் துளையில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.